ஓகஸ்ட் மாதத்துப் பிள்ளை

அவர் வந்தபோது அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். மடித்துக் கட்டிய சாரம், மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. சேட்டு அவருடையதல்ல என்பது தோளில் தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அதைக் கழற்ற வேண்டியதில்லை என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

கையில் சுருட்டி வைத்திருந்த தாளை என் மேசையில் விரித்தார். அது திரும்பத் திரும்பச் சுருண்டது. உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டார். வலை நூல் அறுத்த தழும்புகள் விரல் முழுவதும். அறைக்குள் வாவிச் சேற்றின் மணம் வந்தது.

"சேர், இது என்ட மகள்."

எனக்குத் தெரியும். நாங்கள் அச்சிட்ட சுவர்க் கலண்டரின் ஓகஸ்ட் மாதத் தாள் அது. வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியுமாக ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சிரித்துக்கொண்டு படியேறுகிறாள். தலைக்கு மேல் எங்கள் நிலையத்தின் பெயர்ப்பலகை. பலகையில் மூன்று நாட்டுக் கொடிகள். படத்துக்கு அடியில் ஒரு வரி: 'இனப்பெருக்கச் சுகாதார ஆலோசனை பெற வரும் பருவ வயதுப் பெண்.'

அந்த வரியை எழுதியவன் நான்.

"எத்தின அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"நிறைய. மாவட்டம் முழுக்கக் குடுத்திருக்கிறம்."

"அப்ப எல்லா வீட்டுக்கும் போய் என்ட புள்ளயக் கழட்டிட்டு வாங்க."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன்; காவலாளியைக் கூப்பிட்டிருப்பேன். கூரை வேய வந்தவனிடம் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று காட்டுவதுபோலச் சொன்னார்.

நான் அவருக்குத் தேநீர் வரவழைத்தேன். போகும்போது திட்டத்தின் பெயர் பொறித்த தொப்பி ஒன்றைக் கொடுத்தேன். வாசகர்கள் இதை நம்ப வேண்டும். ஒரு தகப்பன் மகளின் மானத்தைக் கேட்டு வந்தார், நான் அவருக்குத் தொப்பி கொடுத்து அனுப்பினேன்.

தேநீருக்கும் தொப்பிக்கும் இடையில் அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். இருபது வருடமாக அந்தப் பதிலின் பழியைச் சுமந்தது நானல்ல, அந்தப் பிள்ளை.

மூன்று கொடிகள்

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை வந்த அத்தியாயங்களில் என் படிப்பைப் பற்றியும், ஆங்கில ஆசிரியனாக இருந்த காலத்தைப் பற்றியும் கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன். ஆசிரியத் தொழிலை விட்டது ஏன் என்று மட்டும் எழுதவில்லை.

கடல் பொங்கி வந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போன பிறகு மட்டக்களப்பு வீதிகளில் உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் நிறைந்தன. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவனுக்குத் திடீரென்று மவுசு வந்தது. மூன்று நாடுகள் சேர்ந்து நடத்திய இளம்பருவத்தினர் நலத் திட்டம் ஒன்றுக்கு நான் மாவட்ட இணைப்பாளர் ஆனேன். வாகனம், குளிரூட்டிய அறை, கழுத்தில் தொங்கும் அட்டை. என் பழைய மாணவர்கள் வீதியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கினார்கள்.

திட்டம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், இரத்தம் குறைந்து வெளிறிப்போன பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருந்தார்கள். தாய்மார் பாதிப்பேர் வெளிநாட்டில் வீட்டு வேலையில். உடம்பில் ஒன்றென்றால் அந்தப் பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்? அதற்காகத்தான் மண்டூருக்கு அப்பால் ஒரு ஊரில் நிலையம் திறந்தோம். அதை நடத்த வந்த வெளிநாட்டு டாக்டர் அம்மா வயதானவர், நல்லவர். வந்து ஒரு வாரத்தில் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிலையத்துக்குப் பின்பக்கமாக ஒரு வாசல் வேண்டும், பெயர்ப்பலகை வேண்டாம், வயதுக்கு வந்த பிள்ளை நாலுபேர் பார்க்க உள்ளே வரமாட்டாள் என்று.

கடல் கடந்து வந்த ஒரு கிழவிக்கு ஒரு வாரத்தில் விளங்கியது, அந்த மண்ணில் பிறந்த எனக்கு விளங்காமலா இருந்தது? விளங்கியது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: உதவும் நாடுகளின் பெயர் மக்கள் கண்ணில் பட வேண்டும். ஆகவே பெரிய பலகையாகச் செய்து, பஸ் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே நட்டோம். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் முழுவதும், யார் படியேறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தப் படியில் துணிந்து ஏறியவள் வதனி. அது அவளுடைய பெயரல்ல. இங்கே அப்படி எழுதுகிறேன். பதினாறு வயது. சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாதவிடாய் வலி தாங்காமல் கணித பாடத்தில் மயங்கி விழுந்தவளை, வீடு வீடாகப் போய்வரும் குடும்பநல உத்தியோகத்தர் கூட்டி வந்தார். டாக்டர் அம்மா பரிசோதித்து மருந்து கொடுத்தார். அடுத்த மாதம் வலி இல்லை. பிள்ளைக்கு உயிர் வந்தது.

படம் எடுத்தது அதற்குப் பிறகு. அன்று வதனி வந்தது ஆலோசனை பெற அல்ல. டாக்டர் அம்மாவுக்கு நன்றி சொல்ல வந்தாள். கையில் ஒரு பை நிறைய மரமுந்திரிகைப் பழம். தலைநகரிலிருந்து வந்திருந்த படப்பிடிப்பாளர் வாசலில் நின்று எடுத்தார். அச்சிடும்போது பையை வெட்டிவிட்டார்கள். சிரிப்பை விட்டுவிட்டார்கள்.

சுவரில் ஒரு மாதம்

கலண்டர் அடிக்கலாம் என்பது என் யோசனை. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு தலைப்பு: போசாக்கு, விளையாட்டு, போதைப்பொருள் தவிர்ப்பு, இப்படி. ஓகஸ்டுக்கு வைத்திருந்த தலைப்பு இனப்பெருக்கச் சுகாதாரம். அதற்குப் படம் இல்லை. கையில் மிஞ்சியிருந்தது வதனியின் படம். படத்தைத் தலைப்புக்குப் பொருத்தினேன். அந்தப் பிள்ளை எதற்கு வந்தாள் என்று தெரிந்துகொண்டே அந்த வரியை எழுதினேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் கலண்டரை வாங்கி மடித்து வைப்பதில்லை. சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டுவோம். காத்தான்குடிக் கடைகளில் வருடக் கடைசியில் தருவது மெல்லிய தாள், அடுத்த மழைக்குள் ஊறிப் பிய்ந்துவிடும். எங்களுடையதோ வழவழப்பான தடித்த தாள். ஒவ்வொரு மாதமும் கிழித்த தாள் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறையானது. அவளுடைய பள்ளிக்கூடத்திலேயே எத்தனை கொப்பிகளை வதனி மூடினாள் என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்கப் பயம்.

ஓகஸ்டில் மண்டூர்க் கோயில் திருவிழா. அந்த மாதத்தில் படுவான்கரையில் உறவுக்காரர் வந்து தங்காத வீடு இல்லை. எந்த மாதத்தில் ஒரு பிள்ளையைச் சுவரில் மாட்டக்கூடாதோ, அந்த மாதத்தில் மாட்டினேன்.

வதனியின் மாமி, தகப்பனின் மூத்த சகோதரி, களுதாவளையில் இருந்து திருவிழாவுக்கு வந்தார். வந்த வீட்டுச் சுவரில் படத்தைப் பார்த்தார். கீழேயிருந்த வரியை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, உன்ட மகள் பல்லக் காட்டிக்கிட்டு எங்க போறாள் எண்டு பாத்தியா? தாய் குவைத்தில, நீ தோணியில. இவள் கலண்டர்ல."

மாமியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அச்சில் இருந்ததைத்தான் அவர் வாசித்தார். அடுத்த வாரம் தகப்பன் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

பாதுகாவலர்

இப்போது அந்தக் கேள்வி.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் படத்தை வெளியிடப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று திட்டத்தில் ஒரு படிவம் இருந்தது. நல்ல படிவம். பிள்ளைகளைக் காப்பாற்றத் தூரதேசத்தில் யாரோ யோசித்துச் செய்தது. தாய் குவைத்தில். தகப்பனைக் காண வேண்டுமானால் நான் வாவியைக் கடக்க வேண்டும். இங்கே நாங்கள் 'பாதை' என்று சொல்கிற மிதவையில் ஏறிப் போய், அவர் தோணி கரைக்கு வரும்வரை காத்திருந்து, திரும்பி வர அரை நாள். அச்சகம் மறுநாள் காலையில் கேட்டிருந்தது.

'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன்.

மனம் குறுகுறுத்ததா என்று கேட்டால், இல்லை. 'நாங்கள்தானே இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு' என்று ஒரு நினைப்பு. படித்தவனுக்கு இந்த நினைப்பு வந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை.

"ஆரு சேர் இதுக்குச் சம்மதம் சொன்ன?" என்று தகப்பன் கேட்டார்.

கோப்பைத் திறந்து படிவத்தைக் காட்டினேன். "எல்லாம் ஒழுங்காத்தான் செய்திருக்கு. கையெழுத்து இருக்கு, பாருங்க."

அவருக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் காட்டினேன்.

"ஆர்ர கையெழுத்து?"

"பொறுப்பானவங்க வைச்சதுதான்."

அவர் அந்தக் கிறுக்கலை வெகுநேரம் பார்த்தார். "பொஞ்சாதி குவைத்தில. நான் வைக்கல்ல. அப்ப மகள்தான் வைச்சிரிக்காள்."

நான் படிவத்தைக் கோப்புக்குள் வைத்தேன்.

"அப்பிடித்தானே சேர்?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டியதாகப் பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆம் என்றுதான் ஆட்டினேன்.

திருவிழா முடிந்ததும் வதனியை மாமியோடு களுதாவளைக்கு அனுப்பிவிட்டார்கள். பரீட்சை எழுதவில்லை. பதினெட்டு முடிந்ததும் கலியாணம். நிலையத்துக்கு அதற்குப் பிறகு ஒரு பெண்பிள்ளையும் வரவில்லை. டாக்டர் அம்மா ஆறு மாதம் வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் நாட்டுக்குப் போனார். 'சமூகத்தில் விழிப்புணர்வு அதிகரித்துள்ளது' என்று நான் அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கைக்காக என்னை ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்கு அழைத்தார்கள். இளையோர் கொள்கை வகுப்பதில் நாடுகளின் ஒத்துழைப்பு என்பது தலைப்பு. என் முதுகுக்குப் பின்னால் திரையில் வதனி சிரித்துக்கொண்டிருந்தாள். கைதட்டினார்கள்.

மறுபடியும் அதே சிரிப்பு

சில மாதங்களுக்கு முன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்துக்கு என்னை அழைத்தார்கள். புதிய இளையோர் கொள்கை பற்றிய கலந்துரையாடல். எனக்கு எழுபத்தெட்டு வயது. மூத்தவர் என்று முன்வரிசையில் இருத்தினார்கள்.

'இளையோரின் குரலைச் செவிமடுப்போம்' என்று மேடையில் எழுதியிருந்தது. பேசிய ஏழு பேரில் ஒருவருக்கும் நாற்பது வயதுக்குக் குறையாது. இளையோர் இருந்தார்கள், வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டோடு நின்றார்கள். பன்னீர் தெளித்த பிள்ளை கால் கடுத்து, ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றதை நான் கண்டேன். மேடைப் பேச்சில் பசித்த பிள்ளைக்கு 'இலக்குக் குழு' என்று பெயர், நோயாளிப் பிள்ளைக்குப் 'பயனாளி' என்று பெயர். இந்தச் சொற்களை எல்லாம் ஒரு காலத்தில் தமிழாக்கிக் கொடுத்தவன் நான்தான்.

பிறகு திரையில் வந்தது அந்தப் படம். கிழக்கில் கிடைத்த வெற்றிக்கு உதாரணமாம். அச்சாகப்போகும் கொள்கை நூலின் அட்டையிலும் அதுதான் என்றார்கள்.

தேநீர் இடைவேளையில் அதற்குப் பொறுப்பான அதிகாரியைப் பிடித்தேன். இளம் வயது, பணிவான ஆள்.

"தம்பி, இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை."

"இல்ல சேர், கேட்டிருக்காங்க. சம்மதப் படிவம் ஸ்கேன் பண்ணி வைச்சிருக்கம்." கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டினார். "பாருங்க, பாதுகாவலர் கையெழுத்து வைச்சிருக்கார். அவர் வந்து வேணாம் எண்டு எழுதித் தந்தா எடுக்கலாம்."

"அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தைந்து வயது. அவள் சொன்னால் போதாதா?"

"நடைமுறைப்படி சேர், சம்மதம் தந்தவர்தான் வாபஸ் வாங்கணும். அவர் இப்ப உயிரோட இரிக்காரோ தெரியா."

"இருக்கிறார்" என்றேன். "உங்கள் முன்னால் நிற்கிறார்."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அவர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "சேர், பழைய கதை. பெரிய ஆக்கள் வந்திரிக்காங்க. இத ஏன் கிளறுறீங்க?" என்று மெல்லக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்.

படத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் பாருங்கள், தன் முகத்தைத் தானே திருப்பிக் கேட்க அவளுக்கு உரிமை இல்லை; களவாகக் கையெழுத்து வைத்தவனுக்கு இருந்தது. மூன்று நாடுகள் ஒன்றோடொன்று உடன்பட்டன. எங்கள் அரசாங்கம் அவற்றோடு உடன்பட்டது. நான் எல்லோரோடும் உடன்பட்டேன். அந்தப் பிள்ளையோடு மட்டும் ஒருவரும் உடன்படவில்லை.

அக்கரையில்

அடுத்த கிழமை பாதையில் ஏறி வாவியைக் கடந்தேன். இருபது வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய பயணம். அவ்வளவு தூரமுமில்லை.

வதனி இப்போது ஊரோடு வந்துவிட்டாள். கணவர் உழவு மெஷின் ஓட்டுகிறார். அவள் படித்த அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்கிறாள். நான் போனபோது சமையல் கொட்டிலில் கௌபிப் பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு பெண் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வதனி, உன்னத் தேடி ஒரு ஐயா வந்திரிக்கார் கா. இன்ஸ்பெக்டர் போல."

"இன்ஸ்பெக்டர் எண்டா சோறு வெந்த பிறகுதானே வருவார்" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள், என்னைக் கண்டதும் எழுந்தாள். "கொடி நிலையத்துச் சேர்தானே?"

"ஓம்."

வாங்கில் இருக்கச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் மரமுந்திரிகைப் பையை வெட்டியது, அந்த வரி, படிவம், என் கையெழுத்து, அவளுடைய தகப்பனுக்கு நான் ஆட்டிய தலை. அவள் சுளகைக் கீழே வைக்கவில்லை. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பொறுக்கினாள்.

"இத அப்பாட்டச் சொன்னீங்களா சேர்?"

"இல்லை."

"அப்பா தவறிப்போய் ஏழு வருசம்."

அடுப்படிப் பெண் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஏன் மகள் கையெழுத்து வைச்ச எண்டு கேப்பார்" என்றாள் வதனி. "திருவிழா வந்தாக் கேப்பார். தண்ணியடிச்சாக் கேப்பார். நான் வைக்கல்லப்பா, எனக்கு ஒரு தாளும் தெரியா எண்டு சொல்லுவன். சேர் காட்டினவர், நான் என்ட கண்ணால பாத்த எண்டு சொல்லுவார். கடைசியா ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ளயும் கேட்டார். மூச்சு வாங்குது, அப்பவும் அதுதான். ஓமப்பா, நான்தான் வைச்சன், தெரியாம வைச்சிட்டன் எண்டு சொன்னன். சொன்ன பிறகுதான் கண்ண மூடினார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த நேரத்தில் அந்தச் சொல் எவ்வளவு சிறியது என்று எனக்குத் தெரிந்தது.

"அத வைச்சு நான் என்ன செய்ற சேர்?" என்று கேட்டாள். கோபம்கூட இல்லை. உண்மையாகவே என்ன செய்வது என்று கேட்டாள்.

அடுப்படிப் பெண் மெதுவாக, "இவருக்கும் ஒரு கோப்ப சோறு போடவா கா?" என்றார்.

"வேணாம். அது புள்ளையள்ர சோறு."

அவள் சொன்னது சரி.

நான் புறப்படத் திரும்பியபோது வதனி கேட்டாள். "நீங்க கிழமைக்குக் கிழமை பேப்பர்ல எழுதுறீங்களாமே?"

"ஓம்."

"மாமி இன்னும் இரிக்கா. எண்பது தாண்டியும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு எழுத்து விடாம வாசிக்கிறா. உங்கட கதையும் வாசிக்கிறா. நல்ல மனிசன், நல்லா எழுதுறார் எண்டு எனக்கே சொல்லியிரிக்கா." முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பல்ல அது. "இண்டைக்கும் என்னக் கண்டா, அப்பன்ட மானத்த எழுதிக் குடுத்தவள் எண்டுதான் சொல்ற. அவக்கு விளங்கிற மாதிரி எழுதுங்க. சுத்தி வளைச்சுப் படிச்ச ஆக்கள்ற தமிழ்ல எழுதாதீங்க."

"உங்கள் பெயரைப் போடட்டுமா?"

"என்ட பேர் வேணாம். மாமிக்கு ஆரெண்டு விளங்கும். உங்கட பேர்தானே மேல இரிக்கும்."

எழுதியதைக் கொண்டுபோய் அவளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

களுதாவளையில் இதை வாசிக்கும் அம்மா, உங்கள் மருமகள் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கவில்லை. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. வைத்தது நான். அவள்தான் வைத்தாள் என்று உங்கள் தம்பியை நம்ப விட்டதும் நான். கடைசியில் அவரிடம் அவள் ஒத்துக்கொண்டது பொய். அந்தப் பொய்யும் என்னுடையது.